பட்டிக்காரர் போர்த்தும் பொன்னாடை

தலைமன்னார்ப் பக்கத்துச் சனங்களிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. அரசாங்கம் செய்கிற நல்லதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். கடற்கரைக்குப் போனால் இழுவைப் படகும் மண்ணெண்ணெய் விலையும்தான் பேச்சு. ஊருக்குள் திரும்பினால் ஆடு மாடு வைத்திருப்போரின் புலம்பல். பின்னவர்கள் இன்னும் மோசம். எந்தக் கூட்டத்தில் ஒலிவாங்கி கைக்கு வந்தாலும் மேய்ச்சல் தரை என்ற ஒரே பல்லவிதான். கொழும்பில் யானை வந்தது, வெற்றிலை வந்தது, மொட்டு வந்தது, இப்போது திசைகாட்டி வந்திருக்கிறது. ஒவ்வொருவரும் எங்கள் கால்நடைகளுக்கு ஏதோவொன்றைச் செய்தார்கள். புல் ஒன்றைத்தான் தரவில்லை. புல்லைத் தவிர மற்றதெல்லாம் தந்தவர்களைப் புல்லுக்காக நிந்திப்பது நன்றிகெட்ட வேலை. அந்தப் பழியைத் துடைக்கவே இந்தப் பொன்னாடை.

நிலத்தில் அவர்கள் காட்டிய பெருந்தன்மையை முதலில் சொல்லவேண்டும். மன்னார்த் தீவு மணலும் பனையும் உடைமரமுமான இடம். நெல் விளைவது பாலத்துக்கு அப்பால், நானாட்டான், முருங்கன், மாந்தை என்று பெருநிலப்பரப்பில், பெரும்பாலும் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில். அறுவடை முடிந்ததும் மாடு வயலுக்குள் இறங்கும். தாளை மேயும், சாணம் போடும். பட்டி அடைத்த வயலுக்குப் பசளைச் செலவு குறையும் என்பது எந்தக் கமக்காரருக்கும் தெரியும். ஐப்பசி மழை விழுந்து காலபோகத்துக்கு விதைத்துவிட்டாலோ, அதே மாடு வயலுக்கு எதிரி. மாசி பங்குனியில் மீண்டும் அருவி வெட்டும்வரை அது எங்காவது போய் இருக்கவேண்டும். அந்த ‘எங்காவது’ முன்பெல்லாம் காடாக இருந்தது, குளத்தின் மேற்பக்கமாக இருந்தது, யாரும் பெயர் வைக்காத வெளியாக இருந்தது.

பெயர் இல்லாத இடங்களைக் கண்டால் அரசாங்கத்துக்கு மனம் பொறுப்பதில்லை. கட்டுக்கரைக் குளத்தை 1954இலேயே சரணாலயமாக்கினார்கள். வங்காலையில் பூநாரை வந்து இறங்கும் சேற்றுவெளி 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறியது. பறவைக்குச் செய்தது நல்ல காரியம்தான், இதில் கேலி இல்லை. ஆனால் 2017 மார்ச்சில் நடந்ததற்கு ஈடு கிடையாது. அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரஷ்யாவுக்குப் போயிருந்தார். அங்கே இருந்தபடியே முசலிப் பக்கத்துக் காடுகளைச் சேர்த்து, ஏறத்தாழ 40,000 ஹெக்டேயரை மாவில்லு என்ற பெயரில் பேணற் காடாக்கும் அறிவித்தலில் கையொப்பமிட்டார். பிரதேச செயலகத்து வாசலில் நின்று பார்த்தாலும் மறிச்சுக்கட்டியில் ஊர் எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்லமுடியாது. மொஸ்கோவிலிருந்து அது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. 1990இல் விரட்டப்பட்டு, ஒரு தலைமுறை கழித்துத் திரும்பி வந்த முஸ்லிம் மக்களுக்கும் தங்கள் காணி எது என்ற குழப்பம் இருந்தது. அவர்களுக்கும் அவர்களுடைய மாடுகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தில் பதில் கிடைத்தது.

இதைக் கேட்டு, காட்டுச் சட்டம் இரும்பால் ஆனது என்று யாரும் பயந்துவிடக்கூடாது. வேண்டியவர்களுக்கு அது நன்றாக வளையும். விடத்தல்தீவு 2016இல் இயற்கை ஒதுக்கமானது. அதே ஒதுக்கத்திலிருந்து 168 ஹெக்டேயரை, நீருயிர் வளர்ப்புத் தொழிலுக்கென்று 2024இல் வர்த்தமானி போட்டு விடுவித்தார்கள். சூழலியலாளர்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கிவிட்டது வேறு கதை. நான் வியப்பது அந்த நுண்ணறிவைத்தான். மாட்டின் குளம்பு பட்டால் அழிந்துவிடும் இயற்கை, தொட்டி கட்டினால் அழியாது என்பதை நம்மைப்போன்றவர்கள் எந்தக் காலத்தில் கண்டுபிடித்திருப்போம்? தீவின் தென்கரையைப் பாருங்கள். 2020 டிசம்பரிலிருந்து தம்பபவனி என்ற பெயரில் முப்பது காற்றாலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றுக்கு இடம் கிடைத்தது. காற்றும் கட்டாக்காலிதான். ஆனால் அது எங்கு திரிந்தாலும் மெகாவாற் தருகிறது. மாட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அடுத்தது 2022 டிசம்பர். மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துப் பக்கம் கரைகடந்த நாட்களில் இங்கேயும் குளிர்காற்றும் மழையும் அடித்தன. விடிந்து பார்த்தால் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் நின்ற இடத்தில் விழுந்து கிடந்தன. கணக்கு நூற்றுக்கணக்கில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியது. மிருக வைத்தியர்கள் மாதிரி எடுத்தார்கள், ஆராய்ந்தார்கள், தொற்று நோயல்ல, குளிர்தான் என்றார்கள். அந்த முடிவு வருவதற்குள்ளேயே அரசாங்கம் விரைந்து இறைச்சிக்குத் தடை போட்டுவிட்டது. வடக்கு கிழக்கிலிருந்து மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி எதுவும் வெளி மாகாணங்களுக்குப் போகக்கூடாது. தெற்கில் சாப்பாட்டு மேசைகள் காப்பாற்றப்பட்டன. இந்த வேகத்தைக் குறைசொல்ல முடியாது. நோயா குளிரா என்று தெரியாத நேரத்தில் செய்யவேண்டியதைத்தான் செய்தார்கள். மாடு உயிரோடு நின்றபோது ஒருமுறையாவது இந்த வேகத்தைக் கண்டிருந்தால் அது அதிர்ச்சியிலேயே செத்திருக்கும் என்பதால் தவிர்த்திருக்கலாம்.

குளிர் எப்படிக் கொல்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அசைபோடும் பிராணிக்கு அடுப்பு வயிற்றுக்குள் இருக்கிறது. நார்ச்சத்து நிறைந்த தீனி முதல் இரைப்பையில் நொதிக்கும்போது எழும் சூடுதான் அதைக் காக்கிறது. வயிறு நிறைந்த மாடு மழையில் நனைந்தாலும் தாக்குப்பிடிக்கும். தோலுக்கடியில் கொழுப்பில்லாத, எலும்பு துருத்திய மாடு நனைந்து காற்றில் நின்றால், எங்கள் ஊர்க் குளிரே போதும் அதற்கு. டிசம்பர் என்பது காலபோகத்தின் நடு. வயல் அடைத்தாயிற்று, காடு அடைத்தாயிற்று. ஆகவே அந்த மாடுகளைக் குளிர் கொன்றது என்று அறிக்கை எழுதியவர்கள் முழு உண்மையையே எழுதினார்கள். பசி அதற்கு முன்பே வந்துபோன ஆள். சம்பவ இடத்தில் இல்லாதவரை அறிக்கையில் எழுதமுடியாதுதானே.

இனிச் சட்டம். மிருகவதையைத் தடுக்க இந்த நாட்டில் சட்டமில்லை என்று யார் சொன்னது? 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. தலைமன்னாரில் துறைமுகமும் தனுஷ்கோடிக்குக் கப்பலும் வருவதற்கு ஏழு வருடம் முந்திய சட்டம். கப்பல் 1914இல் வந்தது, ஓடியது, நின்றது, துறைமுகமும் துருப்பிடித்தது. சட்டத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பிராணியைச் சித்திரவதை செய்தவருக்கு அதில் உள்ள அதிகபட்ச அபராதம் நூறு ரூபாய். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் காசு ஒரு கூலியாளின் பல மாதச் சம்பளம். இன்று அதை வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குள் நுழைந்தால் வடையைத் தொட யோசிக்கவேண்டும். விலைவாசி எல்லாம் ஏறிய நாட்டில் கருணையின் விலையை மட்டும் நூறு வருடத்துக்கு மேலாக ஏறவிடாமல் பிடித்துவைத்திருப்பதை நிதியமைச்சு ஒரு சாதனையாகவே அறிவிக்கலாம். புதிய விலங்கு நலச் சட்டத்துக்குச் சட்ட ஆணைக்குழு 2006இல் வரைவு எழுதிக் கொடுத்தது. அது அமைச்சரவைக்குப் போனது, தனிநபர் பிரேரணையாகப் பாராளுமன்றத்துக்கும் போனது. நல்ல சட்டம் ஊறித்தான் வரவேண்டும் என்று ஆறப்போட்டிருக்கிறார்கள்.

உள்ளூராட்சி மன்றங்கள் இந்த அளவுக்குத் தாராளம் காட்டுவதில்லை. வீதியில் மாடு நின்றால் அது கட்டாக்காலி. பிடித்துக் கட்டிவைத்து, உரிமையாளரிடம் ஆயிரக்கணக்கில் தண்டப்பணம் வாங்கித்தான் அவிழ்த்துவிடுவார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால், மாட்டை அடித்து நொறுக்குவது மலிவு, அதை வீதியில் நிற்கவிடுவதுதான் பெரிய குற்றம். மழைக்காலத்தில் மேட்டுநிலம் தேடி ரயில் தண்டவாளத்தில் ஏறி நிற்கும் மாடுகளுக்குத் தண்டம் விதிக்க மன்றம் தேவையில்லை. கொழும்பு வண்டியே அந்த வேலையை முடித்துவிடும்.

கழுதைகளையும் விட்டுவிடக்கூடாது. அரபு வணிகர் கொண்டுவந்து இறக்கியவை என்று ஊரில் சொல்லும் அந்த மந்தைக்கு இன்று சொந்தக்காரரும் இல்லை, வேலையும் இல்லை. மன்னார் நகரத்துச் சந்தியில் பொலித்தீனைத் தின்றுகொண்டு நிற்கும். தலைமன்னார் வீதியில் வாகனம் மோதிக் காலொடிந்து கிடக்கும். அவற்றுக்கு மருந்து கட்டத் தொண்டு நிறுவனம் ஒன்று முன்வந்தது. சுற்றுலாச் சுவரொட்டியில் அவற்றின் படத்தைப் போடும் பொறுப்பு மட்டுமே அரசாங்கத்துக்கு மிஞ்சியது.

பசுவின் மேல் உள்ள பக்திக்கு வருவோம். 2020 செப்டெம்பரில் அமைச்சரவை மாடறுப்பதைத் தடைசெய்யக் கொள்கையளவில் இணங்கியது. அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்சவின் யோசனை. மாட்டிறைச்சி சாப்பிடுவோர் என்ன செய்வது? அதற்கும் அதே பத்திரத்தில் வழி இருந்தது: வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து சலுகை விலையில் கொடுப்பது. அதாவது உயிர்க்கொலைப் பாவத்தை முழுவதுமாக வேறு நாட்டின் கணக்கில் எழுதிவிட்டு, கறியை மட்டும் இங்கே கொண்டுவருவது. இத்தனை சுத்தமான அகிம்சையை எந்த மதமும் இதுவரை யோசித்ததாகத் தெரியவில்லை. கிழட்டு மாடுகளைப் பராமரிக்கத் தனித் திட்டம் என்றும் ஒரு வரி இருந்தது. அந்த மாடுகள் எதைத் தின்னும், எங்கே நின்று தின்னும் என்பது சில்லறை விடயம். சட்டம் இன்னும் வரவில்லை. நோய்தான் முந்திக்கொண்டது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில் தோலில் கட்டி கட்டியாக எழும்பும் இலம்பி நோய் முதன்முதலில் இலங்கைக்குள் தலைகாட்டியது. அதுவும் வடக்கில்தான். ஈயும் நுளம்பும் உண்ணியும் கொண்டுபோகும் வைரசு அது. அறுக்கத்தான் தடை, ஈ கடிக்கத் தடையில்லை.

நோய் விடயத்தில் எங்களுக்குப் பக்கத்து அரசாங்கமும் உதவியிருக்கிறது. அதை மறைத்தால் பாவம். நாற்பது வருடமாக இந்தத் தீவில் இல்லாதிருந்த வெக்கை நோய், 1987இல் இந்திய அமைதிப் படையின் சாப்பாட்டுக்கென்று ஏற்றிவந்த ஆடுகளோடு வந்திறங்கியது. ஆட்டுக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது. மாட்டையும் எருமையையும் வாரிக்கொண்டு போகும். மனிதருக்கு அமைதி கொண்டுவந்தவர்கள் மாடுகளை மட்டும் மறந்துவிடுவார்களா? 2011இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். அமைதிப் படை அதற்கு வெகு முன்பே ஒழிந்திருந்தது.

பன்றிக்கு 2024இல் ஆபிரிக்கக் காய்ச்சல் வந்தது. வர்த்தமானியும் வந்தது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

இவ்வளவு சொன்னபிறகு 2021ஐத் தாண்டிப்போனால் கமக்காரர் கோபிப்பார்கள். அந்த வருடம் மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தினார் கோட்டாபய ராஜபக்ச. நாடு முழுவதும் ஒரே இரவில் இயற்கை விவசாயத்துக்கு மாறியது. டென்மார்க் போன்ற நாடுகள் பல்லாண்டாகச் செய்தும் முடிக்காத காரியம். சாணத்துக்கு இனி மவுசு வரும், பட்டிக்கு மரியாதை வரும் என்று எங்கள் ஆட்களும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அரசாங்கமோ எங்கள் சாணத்தைக் கேட்டு எங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. சீனாவின் சிங்டாவிலிருந்து கடற்பாசிப் பசளையை வரவழைத்தது. மன்னார்க் கரையில் சாதாளை ஒதுங்கி நாறிக் கிடக்கிறது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைமுறை தலைமுறையாக அதை அள்ளிப்போய்த் தாழ்த்தியவர்கள். ஆனாலும் அது உள்ளூர்ச் சாதாளை. சீனக் கப்பல் வந்தபோது, பசளையில் பயிருக்கு ஆகாத பக்டீரியா இருப்பதாக எங்கள் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கப்பல் கரைக்கு வராமலே கடலில் சுற்றியது. இறக்காத பசளைக்கு 69 இலட்சம் டொலர் கொடுத்தோம். பயிருக்குப் போடாமலே இவ்வளவு விளைச்சல் கொடுத்த பசளை உலகத்தில் வேறு இருக்கமுடியாது. விளைந்தது எங்கே என்பதுதான் கேள்வி.

நவம்பரில் தடையை எடுத்தார்கள். 2022 ஜனவரியில், விளைச்சல் விழுந்த நெற்கமக்காரருக்கு நட்டஈடாக 4,000 கோடி ரூபாய் தர அமைச்சரவை இணங்கியது. தானே தடைசெய்து, தானே நட்டமாக்கி, தானே ஈடும் கொடுக்கும் அரசாங்கத்துக்கு அடுத்தவர் உதவி எதற்கு? அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன்பே, யூன் மாதத்தில், அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை விட்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கொள்கை இதுதான். கச்சேரி பூட்டியிருந்த அந்த வெள்ளிக்கிழமைகளில் மட்டும் எந்த மேய்ச்சல் நிலத்துக்கும் புதிதாக எல்லைக்கல் விழுந்திருக்காது. சீக்கிரமே அதையும் நிறுத்திவிட்டார்கள், ஊழியரைவிட மாடுகளுக்கே இழப்பு.

மானியத்தில் இப்போது ஒழுங்கு வந்திருக்கிறது. நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், பசளைக்கென்று வங்கிக் கணக்குக்கே வருகிறது. 2024இல் ஒரு ஜனாதிபதி, தேர்தலுக்கு முன் 15,000ஐ 25,000 ஆக்குவதாகச் சொன்னார். தேர்தல் ஆணைக்குழு பொறுங்கள் என்றது. அடுத்த ஜனாதிபதி வந்து கொடுத்தார். கமக்காரர் வாங்கட்டும், அவர்கள் பட்ட பாட்டுக்கு அது காணாது. பட்டிக்காரருக்கு அப்படி ஹெக்டேயர்க் கணக்கில் எதுவும் இல்லை. அதற்கு அரசாங்கம் என்ன செய்யும்? ஹெக்டேயருக்குக் கொடுக்கும் காசை ஹெக்டேயர் இல்லாதவருக்கு எப்படிக் கொடுப்பது?

மாட்டுக்குச் செலவழிக்க அவர்களுக்கு மனமில்லை என்று சொல்லவும் இடமில்லை. அவுஸ்திரேலியாவிலிருந்து 20,000 கறவைப் பசுக்களை இறக்கத் திட்டம் போட்டார்கள். முதற்கட்டமாக 5,000 வந்தன. பல நோயோடு வந்தன, பல செத்தன, சொன்ன பால் வரவில்லை. கடன்பட்டு வாங்கிய பண்ணையாளர் தலையில் கை வைத்தார்கள், கணக்காய்வாளர் நாயகம் கேள்வி கேட்டார். எங்கள் நாட்டு மாடு உவர்த் தண்ணீரைக் குடித்து, பனையோலை நிழலில் படுத்து, வருடத்துக்கு ஆறுமாதம் துரத்தப்பட்டும் கன்று போடுகிறது. அதற்காகக் கடனும் எடுக்கவில்லை, கப்பலும் ஏறவில்லை. இப்படி ஒரு செலவுமில்லாத பிராணியை எந்த அமைச்சு மதிக்கும்?

2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு நாடு முழுவதும் குரங்கு, மர அணில், மயில் எண்ணினார்கள். எட்டு ஐந்துக்கு எண்ணி முடித்தார்கள். தோட்டத்தில் நிற்பதைப் பார்த்துப் படிவத்தில் எழுதவேண்டும், ஐந்தே நிமிடம். குரங்கு மட்டும் 50 இலட்சத்துக்கு மேல் என்று பிறகு கணக்கு வந்தது. வீட்டுக்கு வீடு எட்டிப்பார்க்கும் சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு மாதக்கணக்கில் செலவழிக்கும் திணைக்களம் இதைப் பார்த்துப் படிக்கவேண்டும். எங்கள் கழுதைகள் அந்தப் பட்டியலில் இல்லை. அவை பயிரைத் தின்பதில்லை, பொலித்தீனைத்தான் தின்கின்றன. அது விவசாய அமைச்சின் கீழ் வராது.

கடைசியாக வந்தது டித்வா புயல். 2025 நவம்பர் முடிவில் அருவியாறு கரையுடைத்து மன்னார்ப் பெருநிலத்தை மூடியது. காலபோகம் விதைத்திருந்த மாதம். வயலுக்குள் போகக்கூடாத, காட்டுக்குள்ளும் போகக்கூடாத மாடுகள், நிற்க விட்ட இடத்தில் நின்றன. வெள்ளம் அந்த இடத்துக்குத்தான் முதலில் வந்தது. பட்டி பட்டியாகப் போயின. அரசாங்கம் கையை விரிக்கவில்லை. அழிந்த வயலுக்கு இவ்வளவு, செத்த மாட்டுக்கு இவ்வளவு என்று நிவாரணம் அறிவித்தது. உயர் இனப் பசுவுக்குக் கூடுதலாகவும் நாட்டு மாட்டுக்குக் குறைவாகவும். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். எங்கள் மாடு அவ்வளவு பெரிய பிராணியல்ல. இருக்கும்வரை தண்டப்பணம், இறந்தபிறகு நட்டஈடு. அந்த அளவிலாவது அதற்கு ஒரு விலை இருப்பதை அதன் உரிமையாளர் அரசாங்கம் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

தப்பிப் பிழைத்தவைதான் இப்போது தொல்லை. அவற்றை நிரப்ப எந்தப் படிவத்திலும் கட்டமில்லை. அவற்றின் உரிமையாளர்கள் மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்து மேய்ச்சல் தரை என்று தொடங்குவார்கள். காலபோக வேலை நடக்கும்போது காணிப் பிரச்சினையை எடுக்கவேண்டாம், அறுவடை முடியட்டும் என்று மேடையில் இருப்பவர்கள் அமைதியாகச் சொல்வார்கள். நியாயமான பதில். அறுவடை முடிந்தால் மாடு வயலுக்குள் இறங்கித் தாள் மேயத் தொடங்கிவிடும். வயிறு நிறைந்த மாட்டுக்கு எதற்கு மேய்ச்சல் தரை?